தர்மாமீட்டரும் திருச்சபையும்

'வேஷதாரிகள்' என்று சொல்லிவிடுவது எளிது. ஞாயிறு தவறாமல் பூசை காண்கிறார்கள். வீட்டிலோ, திருச்சபை பாவமென்று விலக்கிய கருத்தடை மாத்திரையையும் விழுங்குகிறார்கள். 2025இல் காலமான டேவிட் லாட்ஜ் என்ற ஆங்கில நாவலாசிரியரைப் படித்திராவிட்டால் நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன். அவரும் கத்தோலிக்கர்தான்.

1965இல் வந்த 'தி பிரிட்டிஷ் மியூசியம் இஸ் ஃபாலிங் டவுன்' ஒரு நையாண்டி நாவல். ஆடம் ஆப்பிள்பி கையில் காசில்லாத ஆராய்ச்சி மாணவன். மூன்று குழந்தைகளுக்குத் தகப்பன். நாலாவதும் வந்துவிடுமோ என்று ஒரு நாள் முழுவதும் நடுங்குகிறான். நாள் பார்த்து விலகியிருப்பது ஒன்றே திருச்சபை அனுமதித்த வழி. ஆகவே காலையில் மனைவியின் வாயில் தர்மாமீட்டர்! தாம்பத்தியமே கணக்குப் பரீட்சையாகிவிடுகிறது. ஆனால் விதி மாறிவிடும் என்று பலரும் நம்பியிருந்த காலம் அது. அதனால் சிரிக்க முடிந்தது.

போப்பாண்டவர் நியமித்த குழுவிலே பெரும்பான்மையோர், 1966இல், மாற்றலாம் என்றார்கள். 1968 ஜூலையில் ஆறாம் பவுல், முடியாது என்று நிருபம் விடுத்தார். விசுவாசிகளில் பலர் கீழ்ப்படியவில்லை. கோயிலை விட்டுப் போகவுமில்லை.

1980இல் லாட்ஜ் எழுதிய 'ஹௌ ஃபார் கேன் யூ கோ?' அவர்களுடைய கதை. 1952இல், லண்டனில், ஒரு குளிர்காலக் காலைப் பூசைக்கு வந்த மாணவர்கள் மணம் செய்து, பிள்ளை பெற்று, தயங்கித் தயங்கித் தத்தம் மனச்சாட்சியின்படி முடிவு செய்கிறார்கள். விடுதலை வந்ததென்று லாட்ஜ் முரசு கொட்டவில்லை. ஒரு விதியைத் தானே தள்ளியவன், மற்றவற்றை எந்த அதிகாரத்தின் பேரில் பற்றிக்கொள்வான்? நரக பயம் போயிற்று. மோட்ச நிச்சயமும் கூடவே மங்கிற்று. டென்னிஸ், ஏஞ்சலா தம்பதியின் சிறுமகள் தெருவில் வண்டி மோதி இறக்கிற பக்கத்தில், இந்தக் கேள்வி எனக்கு வெறும் தர்க்கமாகப் படவில்லை.

ஒரு குறை உண்டு. கதையை நிறுத்திவிட்டு ஆசிரியரே வந்து நிருபத்தைப் பற்றி விளக்குகிறார். பாத்திரங்களைப் பேச விடக்கூடாதா என்று முணுமுணுத்தேன். படுக்கையறைக்குள் ரோமாபுரியே நுழைந்துவிட்ட பிறகு ஆசிரியரை மட்டும் வாசலில் நிறுத்துவானேன் என்று பிறகு தோன்றியது.

இவர்கள் தங்கள் மீறலை அறிந்தே மண்டியிடுகிறார்கள். அந்தப் பழைய சொல்லை நான் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.