அம்பு பட்ட மண்ணும் போர் போட்ட மண்ணும்

கடல்மேல் தொடுத்த அம்பை ராமனால் திருப்பி எடுக்க முடியவில்லை. கடலரசன் வடக்கே ஓரிடத்தைக் காட்ட, அங்கே விழுந்த அம்பு நீரை வற்றடித்து அவ்விடத்தை மருகாந்தாரம் என்னும் பாலையாக்கியது என்கிறது வால்மீகியின் யுத்த காண்டம். அந்த மண்ணுக்குக் கனியும் மூலிகையும் செழிக்க ராமன் வரம் தந்ததும் அங்கேயே இருக்கிறது. இன்றைய மாயப்புனைவு எழுத்தாளர்கள் அம்பை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். ஒரு போர், ஒரு சாபம், அப்புறம் நூறு காதம் சாம்பல்வெளி.

இந்த உத்தியை மட்டமாகச் சொல்லிவிட முடியாது. பாழுக்கு அது ஒரு பொறுப்பாளியைக் காட்டுகிறது. திருவள்ளூர் மாவட்டத்துத் திருவாலங்காட்டில், அசுர வதம் முடிந்தும் வெறி அடங்காத காளியைச் சிவன் ஆடி அடக்கினார் என்பது தலபுராணம். காரைக்கால் அம்மையார் பாடிய ஆலங்காடு கள்ளியும் பேயும் சுடலையுமாகக் கிடப்பது. அவரோ அதை விட்டு ஓடவில்லை, அங்கேயே தங்கிவிட்டார். பக்கத்துப் பழையனூர் நீலி கதை இன்னும் கறாரானது. மனைவியாக வந்து நின்ற பேய் நீலியைக் காட்டி, 'இவளோடு போ, உன் உயிருக்கு நாங்கள் பொறுப்பு' என்று வணிகனுக்கு வாக்குக் கொடுத்த வேளாளர் எழுபது பேரும், அவன் செத்ததும் தீயில் இறங்கினார்கள். பிணை நின்றவர் விலை கொடுக்கும் கதை நம்மிடம் அதிகமில்லை.

கோளாறு வேறிடத்தில். ஒரே அடியில் விழும் அழிவைத் தேடிப் பழகிய கண்ணுக்கு மெல்ல வரும் அழிவு தெரியாது. மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் கிணறுகளிலிருந்து பல பத்தாண்டுகளாகச் சென்னைக்கும் மணலி ஆலைகளுக்கும் தண்ணீர் போனது. விவசாயிகளும் போர் போட்டு இறைத்தார்கள். நிலத்தடி நீர் இறங்க இறங்க, மீஞ்சூர்ப் பக்கம் கடல்நீர் உள்ளே ஏறியது. உப்பேறிய தண்ணீரில் பருப்பு வேக மறுக்கிறது, ஏனத்தின் அடியில் வெள்ளை படிகிறது, வெயில் நாளில் வரப்போரம் உப்புப் பூக்கிறது. யார் விட்ட அம்பு இது? எல்லாரும் கொஞ்சம் கொஞ்சம் விட்டது.

இளங்கோவடிகள் இதில் கெட்டிக்காரர். முல்லையும் குறிஞ்சியும் வேனிலில் இயல்பு கெட்டுப் பாலையாகும் என்றார் சிலப்பதிகாரத்தில். அரக்கனும் வேண்டாம், அஸ்திரமும் வேண்டாம். ஆனால் மழை வந்தால் அந்தப் பாலை மீளும். உப்பேறிய கிணறு ஒரு மழைக்கு மீளாது. அந்த அளவில் சிலம்பும் நமக்குப் போதவில்லை.

கும்மிடிப்பூண்டி வட்டத்தில் இதற்கும் முந்திய ஒரு கட்டத்தைப் பார்க்கலாம். தேர்வாய் கண்டிகையில் சிப்காட் தொழிற்பேட்டை வந்தபோது, மேய்க்கால் நிலத்தையும் அதில் தாங்கள் காத்த காட்டையும் விடமாட்டோம் என்று ஊரார் போராடினார்கள். நிலம் பாழான பிறகு காரணம் சொல்ல வருவதே தொன்மத்தின் வழக்கம். இங்கே மரம் நிற்கும்போதே வழக்கு தொடங்கிவிட்டது. பழங்கதைகளில் இதற்கு அருகே வருவது மகாபாரதத்தின் காண்டவ வனம் ஒன்றுதான். எரிந்த அந்தக் காட்டிலிருந்து உயிர் தப்பிய மயன்தான் பிறகு பாண்டவருக்குச் சபை கட்டிக் கொடுத்தான்.