குக்ரியும் அதைச் செய்த கையும்

என்னிடம் இருக்கும் குக்ரியின் வாயோரம் சின்ன அரம் ஒன்றை வைத்து, பிடி தொடங்கும் இடத்திலிருந்து முனைவரை மெல்லத் தள்ளிப் பார்த்தேன். பிடியை ஒட்டிய இரண்டு விரற்கடைக்கு அரம் கடித்தது. இரும்புத் தூள் உதிர்ந்தது. அலகு வளைந்து வயிறு தள்ளும் இடம் வந்ததும் கண்ணாடிமேல் போவதுபோல வழுக்கிக்கொண்டு போனது. முனையை நெருங்கும்போது மறுபடி கடித்தது. முதுகு முழுக்கவே கடித்தது. ஒரே இரும்பு, இடத்துக்கு இடம் வேறு குணம். ஏழு வருடமாக விறகும் மூங்கிலும் வெட்டி வந்திருந்தாலும், இந்தக் கத்தியைப் பற்றித் தீர்ப்பாக எதையாவது சொல்லலாம் என்ற துணிவு அன்றைக்குத்தான் வந்தது.

குக்ரியைப் பற்றிப் புழங்கும் பேச்சில் பாதி வீரக்கதை. உருவினால் ரத்தம் பார்க்காமல் உறைக்குத் திரும்பாது என்பது அதில் பேர்போனது. நேபாளத்து மலைக்கிராமங்களில் அதே கத்திதான் விறகு பிளக்கிறது, இறைச்சி துண்டுபோடுகிறது, காய் நறுக்குகிறது. நாள் முழுக்க உருவுவதும் சொருகுவதுமாக இருக்கிற பண்டம் அது. 1815-இல் தொடங்கிய கூர்க்காப் படைகளின் புகழும், நம் தெருக்களில் இரவில் விசிலடித்துப் போன கூர்க்காவின் இடுப்பும் சேர்ந்து அதை ஆயுதமாகவே நம் மனத்தில் பதித்துவிட்டன. ஆயுதமாக அதை எடைபோட எனக்குத் தகுதியும் இல்லை, விருப்பமும் இல்லை. தோட்டத்திலும் காட்டிலும் வேலை செய்கிற கத்தியாக, கையால் அடித்த கத்தியாக, கொடுத்த காசுக்கு அது ஈடு நிற்கிறதா என்று பார்க்கிறேன்.

கையால் செய்தது என்பதாலேயே ஒரு கத்தி உயர்ந்துவிடாது. ஸ்வீடனில் மோரா பகுதித் தொழிற்சாலையில் இயந்திரத்தில் தயாராகும் சிறு கத்திகள் விலை மலிவு; குச்சி சீவுவதில் என் குக்ரி அவற்றின் பக்கத்தில்கூட வராது. இயந்திரம் ஆயிரம் கத்திகளையும் ஒரே அளவில் தரும். கையால் அது முடியாது. அதனால் கைவேலைக்குக் காசு கொடுக்கிறவர் ஒன்றைக் கேட்டுக்கொள்ள வேண்டும்: இந்தக் கத்தியில் கை எங்கே முடிவெடுத்தது, அந்த முடிவு வெட்டில் தெரிகிறதா?

முதல் முடிவு தடிமனில். நேபாளப் பட்டறைகளில் குக்ரிக்குப் பெரும்பாலும் எடுப்பது பழைய லாரி ஸ்பிரிங் பட்டை. நம்மூர்ப் பட்டறைகளில் அருவாளுக்கு வருவதும் அதே சரக்குதான். சுமார் 0.6 சதவீதம் கார்பன், கொஞ்சம் குரோமியம் சேர்ந்த, வளைந்து நிமிர்வதற்கென்றே ஆன உருக்கு. துரு பிடிக்கும், ஆனால் அடி தாங்கும். என் குக்ரியின் முதுகு பிடியருகே 9 மில்லிமீட்டர். அங்கிருந்து படிப்படியாக மெலிந்து முனையில் 3-க்கு வருகிறது. சம்மட்டி இழுத்து இழுத்து மெலியவைத்தது அது. தகட்டை அச்சில் வெட்டியெடுத்த குக்ரி உருவக் கத்திகளும் சந்தையில் கிடைக்கின்றன. அவை பிடியிலிருந்து முனைவரை ஒரே தடிமன். கணு விழுந்த வேப்பங்கிளையில் இரண்டையும் மாற்றி மாற்றி இறக்கிப் பார்த்தேன். தகட்டுக் கத்தி நார் இடுக்கில் சிக்கிக்கொண்டு, ஆட்டி ஆட்டி எடுக்க வேண்டியிருந்தது. அடித்த கத்தி உப்பிய வாயால் மரத்தை இருபுறமும் தள்ளி வழிவிட்டுக்கொண்டு இறங்கியது. பிடியின் கோட்டுக்குக் கீழே அலகு தாழ்ந்து நிற்பதால் மணிக்கட்டைத் திருப்பாமலே வெட்டு சாய்வாக விழுகிறது. 600 கிராமுக்கு மேல் எடை இருந்தும் அரை மணி நேரத்துக்குப் பிறகு தோள் வலிக்கவில்லை.

இரண்டாவது முடிவு துவைச்சலில். எனக்குக் குக்ரியில் மிகப் பிடித்த இடம் இதுதான். கருவி என்று பார்த்தால், மூக்கு வைத்த ஒரு சாதாரண டீக் கெட்டில். அலகை உலையில் காய்ச்சி, நிறம் பார்த்து வெளியே எடுத்து, கெட்டிலிலிருந்து மெல்லிய தாரையாகத் தண்ணீரை வாயோரம் மட்டும் ஓட்டுகிறார்கள். வயிற்றுப் பகுதியில் தாரை போய்ப்போய் வரும், முதுகில் விழவிடமாட்டார்கள். வாய் சடாரென்று இறுகுகிறது. முதுகில் தங்கிய சூடு மெதுவாகக் கீழே இறங்கி, இறுகிய வாயின் நொறுங்கும் குணத்தைக் கொஞ்சம் தணிக்கிறது. இந்த வகை உருக்கை எண்ணெயில் ஆற்றச் சொல்வதே பாடப்புத்தக முறை. தண்ணீரில் முழுசாக முக்கினால் விரிசல் விடும் ஆபத்து அதிகம். முக்காமல் ஊற்றுவதால் அந்த ஆபத்தை ஊற்றுகிறவர் தன் கைக்குள் வைத்துக்கொள்கிறார். எவ்வளவு நீர், எந்த வேகம், எந்த நொடியில் நிறுத்துவது என்பதெல்லாம் அவர் கண்ணும் மணிக்கட்டும் சேர்ந்து எடுக்கிற முடிவு. என் அரம் வழுக்கிய அந்த ஒரு சாண் இடம் அவருடைய கெட்டில் நடந்த பாதை.

அதன் பலனை ஒரு மழைக்காலத்தில் கண்டேன். முள்வேலி ஒதுக்கும்போது புல்லுக்குள் மறைந்திருந்த கல்லில் முனைப்பக்கம் ஓங்கி இறங்கிவிட்டது. பல் உடையவில்லை. வாய் ஒரு நெல்லளவுக்கு மடிந்திருந்தது. உறையில் கூடவே வரும் சக்மக் என்ற மொட்டைக் கத்தியால் அழுத்தித் தேய்த்து அங்கேயே நிமிர்த்திவிட்டு வேலையைத் தொடர்ந்தேன். வீட்டிலும் பட்டறையிலும் இல்லாமல் வெட்டவெளியில் இருக்கும் மனிதனுக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்பதைக் கல்லில் கத்தியைப் போட்டவர்கள் அறிவார்கள்.

இதற்கு எதிர்த்தட்டில் வைக்க வேண்டியதும் இருக்கிறது. இரண்டாவதாக ஒரு குக்ரி வாங்கினேன். பார்வைக்கு இதைவிட அழகு. முகம் பார்க்கும் மெருகு. அரம் அதில் ஓரிடத்திலும் வழுக்கவில்லை. நாலு கட்டை விறகுக்குள் மழுங்கிப்போனது. கையை நம்பி வாங்குகிறவர் அந்தக் கை தவறும் நாளையும் சேர்த்தே வாங்குகிறார். வந்ததும் அரத்தால் சோதித்து, தேறாததைத் திருப்பி அனுப்புவதுதான் வழி. மெருகைப் பார்த்து மயங்கியது என் பிழை.

பிடியில் குக்ரி தோற்கிறது. வழக்கமான வகையில் அலகின் வால் மெல்லிசாகப் பிடிக்குள் இறங்கும். லாஹா என்கிற பிசினைக் காய்ச்சி ஊற்றி அதை நிறுத்துவார்கள். என்னுடையது எருமைக்கொம்புப் பிடி. மூன்றாவது சித்திரையில் கொம்பு சுருங்கி, பிசின் விட்டு, ஒவ்வொரு வெட்டுக்கும் உள்ளே ‘டக்’ என்று அடிக்க ஆரம்பித்தது. ஓங்கி வெட்டும் கத்தியில் அந்தச் சத்தம் கேட்டால் அப்படியே கீழே வைத்துவிட வேண்டும். பிடியைக் கழற்றிச் சுரண்டி எப்பாக்ஸி பசையில் நிறுத்தினேன், இன்றுவரை அசையவில்லை. பிடியின் நடுவே ஓடும் மேட்டு வளையம் என் உள்ளங்கையைக் கடிக்கிறது. உறையிலும் எச்சரிக்கை வேண்டும்: இரண்டு மரச்சிம்பை ஒட்டி மேலே தோல் போர்த்தியது அது. உருவும்போது வாய்ப்பக்கமாக விரல்களை மடக்கிப் பிடித்திருந்தால், அலகு தோலை அறுத்துக்கொண்டு விரலுக்கு வந்துவிடும். உறையைப் பின்பக்கமாகப் பிடிக்கவே முதலில் கற்க வேண்டும். கூடவரும் கர்தா என்ற குட்டிக் கத்தி என்னுடையதில் பேருக்குத்தான். அலகின் அடியில் வெட்டியிருக்கும் பிளவுக்குப் பசுவின் குளம்பு, திரிசூலம் என்று பல விளக்கங்கள் சொல்கிறார்கள். கண்ணுக்கு நிறைவாக இருக்கிறது. வேலையில் அதற்குப் பங்கில்லை.

இன்னொரு கணக்கு இரும்பில் தீராதது. குக்ரியை அடிப்பவர்கள் வழிவழியாகக் காமி சாதிக் கொல்லர்கள். 1854-இல் வந்த நேபாளச் சட்டத்தொகுப்பான முலுக்கி ஐன் அவர்களைத் தீண்டப்படாதவர் வரிசையில் வைத்தது. 1963-இல் வந்த புதிய தொகுப்பு அந்தச் சட்ட அங்கீகாரத்தை விலக்கியது. தீண்டாமையைத் தண்டனைக்குரிய குற்றமாக்கத் தனிச்சட்டம் வர 2011 ஆனது. நாட்டின் அடையாளமாகக் கத்தியைத் தூக்கிப்பிடித்த சமூகம், அதைச் செய்தவரைத் தண்ணீர்க் குடத்துக்கு அருகில் விடவில்லை. இன்றும் அலகில் பெரும்பாலும் கடையின் முத்திரை இருக்கும், அல்லது ஏதாவதொரு படைப்பிரிவின் சின்னம் இருக்கும். கெட்டில் பிடித்தவரின் பெயர் அபூர்வம். கைவேலையின் அருமையைப் பேசுகிறவர்கள் இந்தக் கையின் பெயரைக் கேட்காமல் விடுவது எனக்கு உறுத்துகிறது.

ஆக, என் தீர்ப்பு. தென்னையில் மட்டை கழிக்கவும் எட்டாத கொப்பை வளைத்திழுக்கவும் நம் அருவாளே போதும். அதன் கொக்கி வளைவுக்குக் குக்ரி மாற்றாகாது. சீவுவதற்கு ஒரு சிறு கத்தி தனியாக வேண்டும். விறகு, மூங்கில், கனத்த கிளை என்று வந்தால் கையால் அடித்த குக்ரிக்குக் கூடுதலாகக் கொடுக்கும் காசு தகும். தடிமனிலும் துவைச்சலிலும் கை எடுத்த முடிவு ஒவ்வொரு வெட்டிலும் தெரிகிறது. வால்பிடியைத் தவிர்த்து, பனாவல் என்று கேட்டு வாங்க வேண்டும்: இரும்பு பிடியின் முழு அகலத்துக்கும் ஓடி, இருபுறமும் மரத்துண்டு வைத்து ஆணி அறைந்த வகை. சுவரில் மாட்டவென்றால் இதில் எதுவும் பொருட்டில்லை. ஆனால் அந்தக் கெட்டில் வேலை அங்கே ஒருநாளும் வெளிப்படாது. அடுத்த குக்ரிக்குச் சொல்லி அனுப்பிவிட்டேன்: பனாவல், ஈட்டி மரப் பிடி, மெருகு வேண்டாம், சின்னம் பொறிக்கும் இடத்தில் அடித்தவரின் பெயர்.