பாண்டியனின் அவசரமும் உடைந்த பாத்திரமும்

சிலப்பதிகாரத்துக் கொலைக்களக் காதையைப் பதினெட்டு வருடங்களாகக் கற்பித்து வருகிறேன். பல்கலைக்கழகத்தில் தமிழ் சிறப்புக் கற்ற காலத்தில் எடுத்த குறிப்புகளைத்தான் நெடுநாள் வகுப்பில் சொல்லி வந்தேன். ஊழ்வினை, பொற்கொல்லனின் சூழ்ச்சி, பாண்டியனின் தவறு என்று மூன்று தலைப்புகள். பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள், பரீட்சையில் அதையே திருப்பி எழுதுவார்கள், புள்ளியும் கிடைக்கும். அந்தக் காதையில் என்ன நடக்கிறது என்பதை நான் உண்மையில் வாசித்தது மூன்று வருடங்களுக்கு முன்புதான். வாசிக்க வைத்தது ஒரு பையன். அவனைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதலில் காட்சியைப் பார்ப்போம். அரசவையில் ஆடல் பாடல் நடக்கிறது. அரசன் உள்ளம் ஆடல் மகளிரிடம் போய்விட்டதோ என்று கோப்பெருந்தேவிக்கு ஊடல். அதை வெளியே சொல்லாமல் தலைநோய் என்று காரணம் காட்டி எழுந்து போகிறாள். அரசன் அமைச்சர் கூட்டத்தை விட்டு அவளைச் சமாதானம் செய்ய அந்தப்புரத்தை நோக்கி நடக்கிறான். பொற்கொல்லன் அவனைப் பிடிப்பது அந்த வழியில், வாசலில் வைத்து. அவை கலைந்துவிட்டது, தேவியின் முகத்தை அரசன் இன்னும் பார்க்கவில்லை. காணாமல்போன சிலம்போடு கள்வன் என் குடிசையில் இருக்கிறான் என்கிறான் கொல்லன். அரசன் ஊர்காப்பாளரை அழைத்து, சிலம்பு அவன் கையில் இருந்தால் அவனைக் கொன்று அதைக் கொண்டு வாருங்கள் என்று சொல்லிவிட்டுப் போகிறான். நின்று கேட்ட கேள்வி ஒன்றுகூட இல்லை.

அரசன் சொல்ல நினைத்தது ஒன்று, வாயில் வந்தது வேறொன்று என்று ஒரு விளக்கம் வகுப்புகளில் சொல்லப்படுவதுண்டு. கொல்வதற்காகப் பிடித்து வரச் சொல்ல எண்ணியவன், வினை முதிர்ந்த நேரமாகையால், கொன்று வரச் சொல்லிவிட்டானாம். இலக்கண நயம் உள்ள விளக்கம்தான், எனக்கும் அது பிடித்திருந்தது. ஆனால் அதை ஏற்றுக்கொண்டால் பாண்டியன் குற்றவாளி அல்ல, வாய் தவறியவன் என்றாகிவிடுகிறது. காப்பியம் அப்படிச் சொல்லவில்லை. அவன் ஆராயவில்லை என்பதை இளங்கோ வெளிப்படையாகவே சொல்கிறார். ஊழையும் கூடவே சொல்கிறார், உண்மை. ஆனால் ஊழ் மட்டும் காரணமென்றால் ஆடலையும் ஊடலையும் தலைநோயையும் அந்தப்புர வாசலையும் இத்தனை ஒழுங்காக அடுக்கிக் காட்ட வேண்டிய தேவை ஒரு கவிஞனுக்கு இல்லை. கத்ரை நம்புகிற நாமும் செய்தவனைக் கேள்விக்கு அப்பால் விட்டுவிடுவதில்லையே.

இங்கேதான் நமது தலைமைத்துவப் பயிற்சிகளோடு எனக்கு ஒரு வழக்கு இருக்கிறது. அதிபர்களுக்கும் பகுதித் தலைவர்களுக்கும் நடந்த இரண்டு நாள் பட்டறை ஒன்றில் ‘உணர்ச்சி நுண்ணறிவு’ என்று ஒரு கைந்நூல் தந்தார்கள். 1990இல் சலோவியும் மேயரும் ஓர் ஆய்வுக் கட்டுரையில் முன்வைத்து, 1995இல் டேனியல் கோல்மன் எழுதிய நூலால் உலகம் முழுவதும் பரவிய கருத்து அது. தன்னை அறிதல், தன்னை அடக்குதல் என்று தொடங்கி ஐந்து அம்சங்கள். கெட்ட விடயம் ஒன்றுமில்லை. ஆனால் அந்த இரண்டு நாளும் பேசியது கோபத்தைப் பற்றித்தான். மேசையில் அடிக்கிற அதிபர், கத்துகிற முகாமையாளர், பத்து வரை எண்ணுங்கள், தண்ணீர் குடியுங்கள்.

பாண்டியன் கத்தவே இல்லை. கோவலன் மேல் அவனுக்குக் கோபமும் இல்லை, கோவலன் யாரென்றே அவனுக்குத் தெரியாது. அவன் மனம் வேறோரிடத்தில் இருந்தது, அவ்வளவுதான். வீட்டில் ஒருத்தி முகம் திருப்பிக்கொண்டு போய்விட்டாள், அதைச் சரி செய்ய வேண்டும். அதற்கு இடையில் வந்து நிற்கிற எதுவும் அவனுக்குத் தொந்தரவு, சீக்கிரம் முடிக்க வேண்டிய வேலை. பத்து வரை எண்ணச் சொன்னால் எண்ணிவிட்டு அதே தீர்ப்பைத்தான் சொல்லியிருப்பான்.

இந்த நுணுக்கத்தை நமது ஃபிக்ஹு அறிஞர்கள் எப்போதோ கண்டிருக்கிறார்கள். ஸிஜிஸ்தானில் நீதிபதியாக இருந்த தன் மகனுக்கு அபூபக்ரா (றழி) அவர்கள் எழுதிய கடிதம் புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியிருக்கிறது. கோபத்தில் இருக்கும்போது இருவருக்கிடையே தீர்ப்புச் சொல்ல வேண்டாம் என்று நபி (ஸல்) அவர்கள் தடுத்ததை அதில் அவர் நினைவூட்டுகிறார். பின்வந்த அறிஞர்கள் அந்தத் தடையைக் கோபத்தோடு நிறுத்தவில்லை. கடும் பசி, தாகம், தூக்கக் கலக்கம், கவலை, அளவு மீறிய மகிழ்ச்சி என்று மனதைப் பிடித்து வைக்கிற எல்லாவற்றுக்கும் அதை விரித்தார்கள். கோபம் ஓர் உதாரணம், தடைக்கான காரணம் மனம் வேறொன்றில் சிக்கியிருப்பது என்பது அவர்கள் கண்ட பொருள். கொலைக்களக் காதைக்கு இதைவிடப் பொருத்தமான ஓர் உரையை நான் காணவில்லை.

இனி அந்தப் பையன்.

அப்போது நான் தரம் 10, 11க்குப் பகுதித் தலைவர். பாடசாலையின் பெயர் வேண்டாம். சுற்றுலாவுக்குச் சேர்த்த காசு வகுப்பாசிரியரின் மேசை லாச்சியிலிருந்து காணாமல்போனது. ஒரு பையனின் பைக்குள் காசு இருப்பதை இன்னொருவன் கண்டு வந்து சொன்னான். அன்று காலையில் வீட்டில் எனக்கும் மனைவிக்கும் வாக்குவாதம். என்ன விடயமென்று இப்போது சரியாக ஞாபகம்கூட இல்லை. அவ ஃபோனை எடுக்கவில்லை. இடைவேளைக்குள் ஒரு ஓட்டம் வீட்டுக்குப் போய்விட்டு வரலாமென்று மோட்டார் சைக்கிள் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறேன், அவனைக் கொண்டு வந்து முன்னால் நிறுத்துகிறார்கள். பைக்குள் காசு இருந்தது. “இது உம்மாட சீட்டுக் காசு சேர்” என்றான். மாமி வீட்டில் கொடுக்கச் சொல்லி உம்மா தந்ததாம். நான் அவன் சொல்லி முடிக்க விடவில்லை. எழுதி வாங்கிக்கொண்டு வாப்பாவைக் கூட்டி வரச் சொல்லி அனுப்புங்கள் என்று ஒழுக்காற்று ஆசிரியரிடம் சொல்லிவிட்டு இறங்கிப் போனேன். குரலை உயர்த்தக்கூட இல்லை. அதை நான் நன்றாக நடந்துகொண்டதாகவே அன்று நினைத்தேன்.

மூன்றாம் நாள் காசு வேறொரு கட்டு விண்ணப்பங்களுக்கு நடுவே கிடைத்தது. பையன் திரும்பி வரவில்லை.

கையில் இருந்தால் அவன் கள்வன் என்று பாண்டியன் போட்ட நிபந்தனையைத்தான் நானும் போட்டேன். கையில் இருப்பது வேறு, களவெடுத்தது வேறு. பதினைந்து வருடம் அந்தப் பாடத்தைக் கற்பித்தவன் நான்.

காதையை மறுபடி எடுத்து வாசித்தபோது முன்பு கவனிக்காத ஓர் இடம் கண்ணில் பட்டது. ஊர்காப்பாளர் கோவலனைப் பார்க்கிறார்கள். இவனைப் பார்த்தால் கொலைக்குரியவனாகத் தெரியவில்லையே என்கிறார்கள். அவர்களுக்குச் சந்தேகம் வருகிறது. உடனே பொற்கொல்லன் கள்வர் தொழிலின் எட்டு வழிகளை விரித்துப் பேசி அவர்களைக் குழப்புகிறான். அவர்கள் தயங்கி நிற்கும்போது கல்லாத ஒருவன் வாளை வீசிவிடுகிறான். நான் கேட்பது இதுதான்: அந்தச் சந்தேகத்தை எடுத்துக்கொண்டு ஒருவன்கூட அரண்மனைக்குத் திரும்பி ஓடவில்லையே, ஏன்? அரசன் அந்தப்புரத்தில் இருக்கிறான், அந்த நேரத்தில் யார் போய்க் கதவைத் தட்டுவது? தலைவனின் மனநிலை கீழே உள்ளவர்களின் வாயையும் கட்டிவிடுகிறது. எங்கள் ஒழுக்காற்று ஆசிரியர் பிறகு என்னிடம் சொன்னார், “எனக்கும் சரியாப் படல்ல சேர், நீங்க அவசரத்தில நின்றீங்க.” நல்ல மனிசன். பயிற்சிக் கைந்நூலில் இதற்கு ஒரு வரி இல்லை.

உமறுப் புலவரின் சீறாப்புராணத்தில் மானுக்குப் பிணை நின்ற படலத்தை இதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். நமது மேடைகளில் அதை அற்புதக் கதையாக, மான் பேசிய அதிசயமாகவே சொல்லிச் செல்கிறோம். அற்புதம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் படலத்தின் நடுவில் இருப்பது ஒரு வழக்கு. வேடன் கையில் பிடிபட்ட மான், கன்றுக்குப் பாலூட்டிவிட்டு வருகிறேன் என்கிறது. கட்டை அவிழ்த்தால் மான் திரும்பி வருமா என்று வேடன் ஏளனமாகக் கேட்கிறான், அவன் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது, பசிக்கிறவன். நபி (ஸல்) அவர்கள் மானின் சொல்லையும் கேட்கிறார்கள், வேடனின் சொல்லையும் கேட்கிறார்கள். வேடனை அதட்டவில்லை, உரிமையைப் பறிக்கவில்லை. தாமே பிணையாக நிற்கிறார்கள். மான் போய்க் கன்றோடு திரும்பி வருகிறது. வேடன் ஈமான் கொள்கிறான். பாண்டியன் சொன்ன சொல்லுக்கு விலை கொடுத்தவன் வேறொருவன். இங்கே சொன்னவரே விலைக்குத் தம்மை வைக்கிறார். இரண்டு காப்பியங்களையும் தனித்தனி அறையில் வைத்துப் படித்ததால் எனக்கு இது நெடுங்காலம் தெரியாமல் போனது. தமிழ்த்துறையில் சிலம்பு, மீலாத் மேடையில் சீறா என்று பிரித்து வைத்திருக்கிறோம்.

ஆனால் உமறுவிடம் எனக்கு ஒரு குறையும் உண்டு. அவருடைய காப்பியத்தில் காடும் நாடும் அவையும் போரும் தமிழ் மரபின்படி நிறைவாக இருக்கின்றன, வீடு குறைவு. குறிப்பாக ஒரு தலைவரின் அன்றாட வீடு, சிறு பிணக்குகளும் வேலைகளும் உள்ள வீடு. பக்தி அவரைக் கூச வைத்ததோ என்னவோ. ஹதீஸ் தொகுப்புகளில் அந்தக் கூச்சம் இல்லை. வீட்டில் நபி (ஸல்) என்ன செய்வார்கள் என்று கேட்டதற்கு, குடும்பத்தாரின் வேலையில் இருப்பார்கள், தொழுகை நேரம் வந்தால் புறப்படுவார்கள் என்று ஆயிஷா (றழி) சொன்னார்கள்.

அதைவிட முக்கியமான ஒன்று அனஸ் (றழி) அறிவிப்பது. நபியவர்கள் மனைவியரில் ஒருவருடைய வீட்டில் இருக்கும்போது இன்னொரு மனைவி பணியாளிடம் பாத்திரத்தில் உணவு கொடுத்து அனுப்புகிறார். வீட்டிலிருந்தவர் பணியாளின் கையைத் தட்டிவிட, பாத்திரம் விழுந்து உடைகிறது. தோழர்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நபியவர்கள் குனிந்து உடைந்த துண்டுகளைச் சேர்க்கிறார்கள், உணவையும் சேர்க்கிறார்கள். உங்கள் தாய்க்கு ரோசம் வந்துவிட்டது என்று மட்டும் சொல்கிறார்கள். பணியாளை நிறுத்தி வைத்து, அந்த வீட்டிலிருந்தே முழுப் பாத்திரம் ஒன்றை எடுத்துக் கொடுத்தனுப்பிவிட்டு, உடைந்ததை உடைத்தவர் வீட்டிலேயே வைக்கிறார்கள். தட்டிவிட்டவர் பெயரை அந்த அறிவிப்பு சொல்லவில்லை.

இங்கேயும் ஊடல்தான், அதுவும் சபைக்கு நடுவில். பாண்டியன் வீட்டு ஊடலுக்காக வெளியே இருந்த நீதியைக் கைவிட்டான். நபியவர்கள் ஊடலைப் பெயர் சொல்லி ஒப்புக்கொள்கிறார்கள், அவமானப்படுத்தவில்லை, அதே நேரம் பாத்திரக்காரருக்குச் சேர வேண்டியதையும் குறைக்கவில்லை. ‘இப்ப வேண்டாம், பிறகு பார்ப்பம்’ என்று பணியாளை வெறுங்கையோடு அனுப்பியிருக்கலாம். அனுப்பவில்லை.

இந்தக் கட்டுரையின் முதல் படியை மனைவியிடம் வாசிக்கக் கொடுத்தேன். வாசித்துவிட்டு, “தேவி என்ன செஞ்சா? தலையிடி என்று எழும்பிப் போனா. அதுக்காக அவட தலையில கொலைப்பழியா? என்னையும் அதுக்குள்ள இழுக்காதீங்க” என்றா. அவ சொன்னது சரி. முதல் படியில் நான் கோப்பெருந்தேவியின் ஊடலைக் காரணமென்றே எழுதியிருந்தேன், திருத்திவிட்டேன். ஊடல் எல்லா வீட்டிலும் வரும். காப்பியத்திலேயே அதற்கு மறுபக்கம் இருக்கிறது. வஞ்சிக் காண்டத்தில் சேரன் செங்குட்டுவன், இறந்த பாண்டிமாதேவியா, நம் நாட்டுக்கு வந்த கண்ணகியா, யாரைப் போற்றுவது என்று தன் தேவியிடம் கேட்கிறான். அவள் சொன்னபடி செய்கிறான். அதே செங்குட்டுவனுக்கு நடுகற் காதையில் சோழ பாண்டியரின் பேச்சைக் கேட்டுக் கண் சிவக்கிறது. மாடலன் எழுந்து, ஐம்பது ஆண்டு ஆண்டும் மறக்கள வேள்விதான் செய்தாய், அறக்கள வேள்வி செய்யவில்லை என்று முகத்துக்கு நேரே சொல்கிறான். அவன் கேட்டுக்கொள்கிறான், சிறையில் இருந்த வட அரசரை விடுவிக்கிறான். ஐம்பது ஆண்டு ஆண்ட பிறகும் ஒருவனால் வளர முடிந்திருக்கிறது. பரீட்சைக்குப் பெரும்பாலும் வராத பகுதி என்பதால் நாங்கள் வஞ்சிக் காண்டத்தை வேகமாகக் கடந்துவிடுகிறோம்.

பாண்டியனின் முடிவைத் தமிழுலகம் கொண்டாடுகிறது. பிழையை உணர்ந்த கணத்தில் தன்னையே கள்வனென்று சொல்லி அரியணையிலிருந்து விழுந்து உயிர் விட்டான். பெரிய மனம்தான். ஆனாலும் அவன் இறந்த பிறகு மதுரை எரிந்தது. இழந்தவளுக்குச் செய்ய வேண்டிய ஈட்டுக்கு அவன் இருக்கவில்லை. வகுப்பில் இதைச் சொன்னால் மூத்த ஆசிரியர் சிலருக்குப் பிடிப்பதில்லை. நான் சொல்லத்தான் செய்கிறேன்.

நான் அந்தப் பையன் வீட்டுக்குப் போக ஒரு மாதம் எடுத்தேன், வெட்கம். போனபோது உம்மாதான் இருந்தா. “காசு கிடைச்சிட்டாம் என்று கேள்விப்பட்டம் சேர். அன்றைக்கே ஒரு சொல்லு கேட்டிருந்தா…” என்றா, மீதியைச் சொல்லவில்லை, தேநீர் தந்தா. அவனிடம் மன்னிப்புக் கேட்கக் கிண்ணியாப் பாலம் தாண்டித் துறைமுகப் பக்கத்து மீன் வாடிக்குப் போனேன். 2009இல் பாலம் திறக்கும்வரை அந்த வழியில் பாதையில் ஏறிக் காத்து நிற்க வேண்டும், யோசிக்க நேரம் கிடைக்கும். இப்போது அதுவும் இல்லை. ஐஸ் பெட்டி கழுவிக்கொண்டிருந்தவன் எழும்பி நின்றான், நான் பேசியதைக் கேட்டான். “பரவாயில்ல சேர்” என்றான். பரவாயில்லை என்று நான் எடுத்துக்கொள்ளவில்லை.

அதன் பிறகு ஐந்தாறு தடவை போயிருக்கிறேன். சாதாரண தரத்துக்குத் தனிப்பட்ட பரீட்சார்த்தியாகத் தோற்றச் சொல்கிறேன், தமிழும் வரலாறும் நானே சொல்லித் தருவதாகச் சொல்லியிருக்கிறேன். பார்ப்பம் என்கிறான். விண்ணப்பப் படிவம் என் பைக்குள் இருக்கிறது. இன்னும் அவன் கையெழுத்து வைக்கவில்லை.