விளையாட்டின் உரிப்பொருள்: சிறார்க்குரிய கணிப்பொறி விளையாட்டுகள் பற்றிய திறனாய்வு

மெய்ப்பாடு எட்டனுள் உவகைக்கு நிலைக்களன் நான்கு எனத் தொல்காப்பியர் வகுத்தார். அந்நான்கனுள் புலன் ஒன்று, விளையாட்டு மற்றொன்று. புலன் என்பதைக் கல்வியாற் பெறும் அறிவுடைமை எனப் பொருள் கொள்ளும் உரைமரபு உண்டு. எனவே கற்றலும் ஆடலும் வேறு வேறாக எண்ணப்பட்டனவேனும், இரண்டும் உவகை என்னும் ஒரே மெய்ப்பாட்டின்கண் அடங்கின என்பது பெறப்படும். இவ்விரண்டும் தம்முள் பகைப்பன என்னும் கருத்து நம் இலக்கண முதல்வர்க்கு இருந்ததாகத் தெரியவில்லை.

இன்று சிறார் பலர் கையில் கணிப்பொறியும் கைப்பேசியும் உள்ளன. அவற்றில் ஆடும் விளையாட்டுகள் கல்விக்குத் துணையாம் என்பார் ஒரு சாரார். கேடாம் என்பார் மற்றொரு சாரார். இரு சாராரும் பெரும்பாலும் விளையாட்டைப் பயிலாமலே தீர்ப்பு வழங்கிவிடுகின்றனர். பாட்டைப் பயிலாது பாட்டுடைத் தலைவன் பெயரை மட்டும் கேட்டு அப்பாட்டை மதிப்பிடுவாரை நாம் திறனாய்வாளர் என ஏற்பதில்லை. விளையாட்டுக்கும் அம்முறையே பொருந்தும். ஒரு விளையாட்டு எதனைக் கற்பிக்கிறது என்பதை அதன் உள்ளுறுப்புகளை ஆராய்ந்தே துணிதல் வேண்டும். அதற்குரிய அளவுகோல் ஒன்றைத் தமிழ்ப் பொருளிலக்கணத்தினின்றே பெறலாம் என்பதும், அக்கோல் கொண்டு சில விளையாட்டுகளை அளந்து காண்பதும் இக்கட்டுரையின் நோக்கம்.

1. அளவுகோல்

அகப்பாட்டின் பொருள் முதல், கரு, உரி என மூவகைப்படும். இவற்றுள் உரிப்பொருள் ஒழிந்தன திணை மயங்கி வருதலும் உண்டு என்பது தொல்காப்பிய நெறி. நிலமும் பொழுதும் மாறலாம். பறவையும் மரமும் மாறலாம். ஒழுக்கம் மாறின் திணையே மாறும். எது மாறினும் பாட்டு நிற்குமோ அது புறவுறுப்பு. எது மாறின் பாட்டு வேறாகுமோ அது அகவுறுப்பு.

இதனை விளையாட்டுக்கு ஏற்றிக் காண்போம். ஆடுகளமும் காலமும் முதற்பொருள். காய், உருவம், வண்ணம், ஒலி ஆகியன கருப்பொருள். ஆடுவோன் என்ன செய்யலாம், செய்தால் என்ன விளையும் என வரையறுக்கும் விதியே உரிப்பொருள். பல்லாங்குழியில் சோழிக்கு மாறாகப் புளியங்கொட்டையை இட்டு ஆடலாம், ஆட்டம் மாறுவதில்லை. ஆனால் 14 குழிகளிலும் ஒன்றொன்றாக இட்டுச் செல்லும் எண்ணிக்கையை நீக்கினால் பல்லாங்குழி இல்லை. கைக்காய் எக்குழியில் முடியும் என முன்னரே எண்ணிப் பார்ப்பவளே வெல்கிறாள். அவள் எண் பயில்வது விளையாட்டின் பொருட்டன்று. எண் பயில்வதே விளையாட்டாகிறது.

பரமபத சோபான படம் இதற்கு மாறான நிலையினது. ஏணி நற்பண்பையும் பாம்பு தீக்குணத்தையும் குறிக்க, அறம் உணர்த்தும் விளையாட்டாக அது போற்றப்படும். ஆயினும் காய் நகர்வது உருட்டி விழும் எண்ணால். ஆடும் சிறுவன் நற்பண்பைத் தேர்ந்து ஏணி ஏறுவதுமில்லை; தீக்குணத்தை விரும்பிப் பாம்பின் வாய்ப்படுவதுமில்லை. படம் வினையைக் கூறுகிறது; ஆட்டம் ஊழைக் கூறுகிறது. விதி என்னும் சொல்லின் இருபொருளும் இங்கு ஒன்றுபட்டு நிற்கின்றன. கருப்பொருள் ஒன்று சொல்ல, உரிப்பொருள் பிறிதொன்று சொல்லுமாயின், ஆடுவோன் மனத்தில் நிலைப்பது பின்னதே என்பது எம் துணிபு.

2. ஒட்டி வைத்த பாடம்

1983ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டில் டேவிட்சன் நிறுவனம் வெளியிட்ட 'மேத் பிளாஸ்டர்' பெரும்புகழ் பெற்ற கல்வி விளையாட்டு. கணக்குத் தோன்றும், சரியான விடையை நோக்கிச் சுட வேண்டும். குழந்தைகள் விரும்பி ஆடினர். கூட்டலும் பெருக்கலும் அவர்கட்கு விரைவில் கைவந்தன. இப்பயனை மறுத்தல் நேர்மையன்று. வாய்பாட்டை விரைந்து நினைவுகூரும் பயிற்சிக்கு இத்தகையன ஏற்றனவே.

எனினும் மேலே கூறிய மாற்றுச் சோதனையைச் செய்து பார்ப்போம். கணக்கை எடுத்துவிட்டு எழுத்துக்கூட்டலையோ தலைநகரங்களின் பெயரையோ அவ்விடத்தில் வைப்பின் ஆட்டம் சிதையுமோ? சிதையாது. அதே பெயர் வரிசையில் பின்னர் வாசிப்புக்குரிய விளையாட்டும் வெளிவந்தமை இதற்குச் சான்று. எண் இங்குக் கருப்பொருளாய் நிற்கிறது, சுடுதலே உரிப்பொருள். பெருக்கல் என்றால் என்ன, வகுத்தலோடு அதற்கு என்ன உறவு என்பவற்றை இவ்விதி அறியாது. விடை சரியா தவறா என்பது ஒன்றையே அறியும். எனவே அறியாததை அது கற்பிக்கவும் இயலாது.

3. ஆமையும் கோணமும்

1967இல் மாசசூசெட்சு மாநிலத்துக் கேம்பிரிட்சு நகரில் சீமோர் பேப்பர்ட், வாலஸ் ஃபொயர்சைக், சிந்தியா சாலமன் முதலியோர் சிறார்க்கென 'லோகோ' என்னும் கணிப்பொறி மொழியை ஆக்கினர். பேப்பர்ட் கணித அறிஞர். செனீவாவில் குழந்தை உளநூல் வல்லுநரான பியாசேயுடன் பணியாற்றியவர். லோகோவில் பின்னர்ச் சேர்ந்தது ஆமை. முன்னே நூறு அடி செல், வலப்புறம் 90 பாகை திரும்பு எனக் குழந்தை ஆணையிட, ஆமை சென்ற வழியெல்லாம் கோடு விழும். இதனை நான்கு முறை செய்தால் சதுரம் அமையும்.

அடுத்துக் குழந்தை சமபக்க முக்கோணம் வரைய முயலும். முக்கோணத்தின் கோணம் 60 பாகை எனப் பள்ளியிற் கற்ற நினைவால், 60 பாகை திரும்புமாறு மூன்று முறை ஆணையிடும். உருவம் மூடாது, அறுகோணத்தின் பாதியாகத் திறந்து நிற்கும். பிழை என்பதை ஆசிரியர் கூற வேண்டுவதில்லை, உருவமே கூறிவிடும். குழந்தை எழுந்து தானே ஆமையாக நடந்து பார்க்கும். திரும்ப வேண்டியது உட்கோணமன்று, வெளிக்கோணம் என்பதும், அது 120 பாகை என்பதும், எவ்வுருவாயினும் ஒருமுறை சுற்றி மீளின் மொத்தத் திருப்பம் 360 பாகை என்பதும் அப்போது புலனாம். 1980இல் வெளிவந்த 'மைண்ட்ஸ்டார்ம்ஸ்' என்னும் தம் நூலில், குழந்தை தன் உடலறிவைக் கொண்டே வடிவியலை உணரும் இந்நிலையைப் பேப்பர்ட் விரிவாக ஆராய்ந்தார்.

வெற்றி தோல்வி இல்லாத இதனை விளையாட்டு எனல் தகுமோ என வினவலாம். சங்கச் செய்யுட்களில் மணலிற் சிற்றில் இழைக்கும் சிறுமியர்க்கு வெற்றியும் இல்லை, தோல்வியும் இல்லை, இழைத்தலே விளையாட்டு. ஆமை விளையாட்டும் அவ்வகையினதே. இதில் கோணத்தை நீக்கினால் எஞ்சுவது ஒன்றுமில்லை. பாடம் இங்கு உரிப்பொருளாகவே அமைந்துவிட்டது.

4. ஆரிகன் தடமும் பாடவேறுபாடும்

விதி உண்மையைக் கற்பிக்கும் ஆற்றல் உடையதாயின், குறையுடைய உண்மையையும் அவ்வாற்றலோடே கற்பிக்கும். இதற்கு 'ஆரிகன் டிரெயில்' தக்க எடுத்துக்காட்டு. 1971இல் மினியாபொலிசு நகரில் பயிற்சி ஆசிரியராயிருந்த டான் ராவிட்சு, வரலாற்று வகுப்புக்கென இதனைக் கருதினார். பில் ஹைன்மன், பால் டில்லன்பெர்கர் என்னும் இருவர் நிரல் எழுதினர். மிசௌரி மாநிலத்து இண்டிபெண்டன்சு நகரினின்று மாட்டுவண்டியில் மேற்றிசை நோக்கி ஆரிகனுக்குக் குடிபெயரும் 19ஆம் நூற்றாண்டுப் பயணமே இதன் கதை. பருவ முடிவில் நிரல் கணிப்பொறியினின்று நீக்கப்பட்டது. தாளில் அச்சிட்ட படி ஒன்று மட்டும் ராவிட்சிடம் எஞ்சியது. மின்னசோட்டா மாநிலக் கல்விக் கணிப்பொறிக் கூட்டமைப்பில் 1974இல் சேர்ந்த அவர், அத்தாட்படியினின்று அதனை மீட்டு, அக்காலப் பயணிகளின் நாட்குறிப்புகளைக் கற்று, நோயும் இடரும் நேரும் அளவைத் திருத்தியமைத்தார். 1985இல் அது புதிதாகவே ஆக்கப்பட்டது. சுவடி ஒப்புநோக்கிப் பழகிய நமக்கு இவ்வரலாறு புதியதன்று. விளையாட்டுக்கும் மூலபாடமும் திருந்திய பாடமும் உண்டு.

1985ஆம் ஆண்டுப் பாடத்தின் விதிகள் நுட்பமானவை. வங்கியராகப் புறப்படுவோர்க்கு 1600 டாலர், தச்சர்க்கு 800, உழவர்க்கு 400. ஆனால் முடிவில் தச்சரின் மதிப்பெண் இருமடங்காகும். உழவரின் மதிப்பெண் மும்மடங்காகும். பொருளுடையார்க்கு வழி எளிது என்பதையும், வறியார் அதே வழியைக் கடத்தல் அரிய செயல் என்பதையும் இவ்வொரு விதி சொல்லின்றி உணர்த்திவிடுகிறது. முன்கூட்டிப் புறப்பட்டால் மாட்டுக்குப் புல் இராது. பிந்தினால் மலையிற் பனி மறிக்கும். எத்துணை விலங்கை வீழ்த்தினும் வண்டிக்குச் சுமந்து வரத்தக்க இறைச்சி 100 பவுண்டே. இவை யாவும் உரிப்பொருளில் அமைந்த பாடங்கள்.

இனி அவ்விதி கூறாது விட்டதை நோக்குவோம். முடிவில் மதிப்பெண் எதற்கு? உயிரோடு சேர்ந்தவர்க்கும், அவர்தம் உடல்நலத்திற்கும், எஞ்சிய வண்டி, மாடு, உடை, உணவு, பணம் ஆகியவற்றிற்கும். சென்று சேர்ந்த நிலம் யாருடையது என்பதற்கு விதியில் இடமில்லை. அந்நிலத்துத் தொல்குடியினர் ஆட்டத்தில் வாராமல் இல்லை. ஆற்றைக் கடக்க வழிகாட்டியாக வருகின்றனர். ஆயினும் பயணியின் தேவைக்கு உதவும் அளவிலேயே அவர்கட்கு வாழ்வு. இப்பயணத்தால் அவர்கள் இழந்தது எதுவும் கணக்கிற் சேராது. இழித்துரைக்கும் சொல் ஒன்றும் இல்லாமலே, வெற்று நிலம் ஒன்று காத்திருந்தது என்னும் கருத்தை அம்மதிப்பெண் முறை குழந்தை நெஞ்சில் விதைத்துவிடுகிறது. சொல்லை மட்டும் ஆராய்பவர் கண்ணுக்கு இக்குறை புலப்படாது.

2021இல் கேம்லாஃப்ட் நிறுவனம் வெளியிட்ட புதிய பாடம், தொல்குடி வரலாற்றறிஞரின் துணையோடு திருத்தப்பெற்றது. உடை, பெயர், பேச்சு ஆகியன செம்மையாயின. தொல்குடி மாந்தராகவே நின்று ஆடும் வாய்ப்பும் கிடைத்தது. முன்னது கருப்பொருள் திருத்தம். பின்னது அதனினும் ஆழமானது. அகப்பாட்டின் மொழியிற் கூறின் கூற்று மாற்றம். தலைவன் கூற்றில் ஒரு பொருளாய்த் தோன்றும் பிரிவு, தலைவி கூற்றில் வேறொன்றாய் விடுதலை நாம் அறிவோம். ஆயினும் மேற்கே சென்று சேர்தலே வெற்றி என்னும் அடிப்படை நெறி இப்பாடத்திலும் நிற்றலின், திருத்தம் உரிப்பொருளை முற்றத் தொட்டது எனல் இயலாது.

5. தடையும் விடையும்

இங்கு இரு தடைகள் எழும். முதலாவது, விளையாட்டிற் கற்றது விளையாட்டோடே நின்றுவிடும் என்பது. இதற்குச் சான்றும் உண்டு. ராய் பீ, மிடியன் கர்லண்ட் என்னும் ஆய்வாளர், லோகோ பயின்ற சிறாரின் திட்டமிடும் திறனை ஆராய்ந்து, பயிலாதாரினும் அவர் மேம்பட்டிலர் என 1984இல் வெளியிட்டனர். இம்முடிவு எம் கருத்தை அழிப்பதன்று. அதன் எல்லையை வரையறுப்பது. விதியில் எது உளதோ அதனை விளையாட்டுக் கற்பிக்கும். பொதுவறிவுக் கூர்மை என்னும் வரையறையற்ற பயனை அதனிடம் எதிர்பார்த்தல் பொருந்தாது. ஆமையிற் கண்ட கோணத்தை ஏட்டுக் கோணத்தோடு இணைத்துக் காட்ட ஆசிரியர் வேண்டும். உரையின்றிச் சூத்திரம் விளங்காதவாறு போல, ஆசிரியரின்றி விளையாட்டின் பாடமும் முழுமை எய்தாது.

இரண்டாவது தடை மிகையாடல் பற்றியது. விளையாட்டுக் கோளாறு என்பதனை உலக நலவாழ்வு நிறுவனம் 2019இல் ஏற்ற நோய்ப் பகுப்பில் சேர்த்தது. அப்பகுப்பு 2022 முதல் நடைமுறைக்கு வந்தது. அடக்கம் இழந்து, பிற கடமைகளினும் ஆடலையே முதன்மையாக்கி, பொதுவாக ஓராண்டேனும் நீடிக்கும் நிலையே அதனாற் சுட்டப்படும். இக்கவலை மெய்யானது. எனினும் எவ்வளவு ஆடுதல் என்பது ஒரு வினா. எதனை ஆடுதல் என்பது வேறொரு வினா. முன்னதற்கு விடை கண்டவுடன் பின்னதை மறந்துவிடுகிறோம். அரை நாழிகையே ஆடினும், அவ்வரை நாழிகையில் விதி தன் பாடத்தைக் கூறிக்கொண்டேயிருக்கும்.

6. முடிவுரை

இவ்வளவுகோலைத் தமிழ் கற்பிக்க எழும் விளையாட்டுகளின்மேல் வைத்துப் பார்க்கும் கடமை நமக்கு உண்டு. பலூனை உடைத்தால் அகரம் தோன்றும், மீனைப் பிடித்தால் ஆகாரம் தோன்றும் என அமைவன, எழுத்தின் வடிவை நினைவூட்டுவதோடு நிற்பவை. அகரத்தை நீக்கி வேற்றுமொழி எழுத்தொன்றை வைத்தாலும் அவை மாறா. தமிழ் அங்குக் கருப்பொருள்.

தமிழையே உரிப்பொருளாக்கும் விளையாட்டுக்கு வழி இல்லாமல் இல்லை. நிலைமொழி ஒரு காய், வருமொழி ஒரு காய் எனக் கொள்க. 'மரம்' என்னும் காயோடு 'வேர்' சேரின் மகரம் கெட்டு மரவேர் ஆகும். 'கிளை' சேரின் ககரம் மிக்கு மரக்கிளை ஆகும். சேர்த்துச் சேர்த்துப் பார்க்கும் குழந்தை, எவ்வெழுத்தின் முன் எது மிகும் என்பதைத் தானே கண்டறியும். நூற்பா பின்னர் வந்து அதற்குப் பெயரிடும். ஓர் அடியின் ஈறு அடுத்த அடியின் முதலாகும் அந்தாதித் தொடையும், விதியே இன்பமாகும் அமைப்புத்தான். இலக்கணம் என நாம் கற்பிப்பது விதிகளின் தொகுதியே. அவற்றைச் சிறார்க்குச் சுமையாக்கிவிட்டு, சுமையை மறைக்கப் பலூன்களைத் தொங்கவிடுகிறோம்.

கணிப்பொறி வல்லார் நிரலை எழுதுவர். ஓவியர் உருவம் தருவர். விதியினுள் தமிழ் உளதா, விதி எதனைக் கூறாது விடுகிறது என ஆராய்ந்து சொல்லுதல் இலக்கியமும் இலக்கணமும் பயின்றார் கடன். முதுகலை மாணவர் காப்பியத்தையும் புதினத்தையும் ஆய்வுக்கு எடுப்பது போலச் சிறார் விளையாட்டையும் எடுத்து, அதன் முதல், கரு, உரி மூன்றையும் பகுத்து எழுத முன்வருதல் வேண்டும். குழந்தைகள் அவ்விளையாட்டுகளை நாள்தோறும் பயின்றுவருகின்றனர். நாம் இன்னும் பயிலத் தொடங்கவில்லை.