தந்தைக்கெதிரான சாட்சியம்

பெற்ற தாய் தந்தையருக்கு எதிராகவே ஆயினும் நீதியின் பொருட்டுச் சாட்சி பகர்ந்தாக வேண்டும் என்பது திருமறையின் கட்டளை. 'அந்நிஸா' அத்தியாயத்தின் 135ஆம் வசனத்தைக் கேட்கும்போதெல்லாம் நாம் பயபக்தியுடன் தலையசைக்கிறோம். ஆனால் அப்படியொரு சாட்சியத்தை உண்மையாகவே சொல்லத் துணிந்த மகன் ஒருவன் நம் எதிரே வந்து நின்றால் அவனை மெச்சுவோமா, முகத்தைத் திருப்பிக்கொள்வோமா? ஸ்டீவ் ஹோடெல் என்னும் அமெரிக்கர் எழுதி 2003ஆம் ஆண்டு வெளிவந்த 'பிளாக் டாலியா அவெஞ்சர்' என்ற நூல் இக்கேள்வியை நம்முன் வைக்கிறது. ஆசிரியர் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரக் காவல்துறையில் கொலை வழக்குகளைத் துப்பறியும் அதிகாரியாயிருந்து 1986இல் ஓய்வு பெற்றவர். தீராத ஒரு கொலை வழக்கில் கொலையாளி என்று அவர் விரல் நீட்டும் மனிதர் டாக்டர் ஜார்ஜ் ஹோடெல். அவரைப் பெற்ற தந்தை.

வழக்கை அறியாத வாசகர்களுக்காகச் சில சொற்கள். 1947ஆம் ஆண்டு ஜனவரி 15ஆம் நாள் காலையில், லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் லைமர்ட் பார்க் பகுதியில் வீடு கட்டப்படாமல் கிடந்த ஒரு மனையில், எலிசபெத் ஷார்ட் என்னும் 22 வயதுப் பெண்ணின் உடல் கிடந்தது. குழந்தையுடன் அவ்வழியே நடந்து சென்ற ஒரு தாய்தான் முதலில் கண்டார். துணிக்கடைப் பொம்மையை யாரோ எறிந்திருக்கிறார்கள் என்றே அவர் எண்ணினாராம். உடல் இரண்டு துண்டாக்கப்பட்டிருந்தது. அதற்கு மேல் இவ்விதழில் எழுதுவதற்கில்லை, எழுதவும் வேண்டியதில்லை. 'கறுப்பு டாலியா' என்ற மலர்ப் பெயராலேயே பத்திரிகைகள் அப்பெண்ணை உலகறியச் செய்தன. அவற்றுள் ஒன்றின் நிருபர் அவருடைய தாயாரைத் தொலைபேசியில் அழைத்து, உங்கள் மகள் அழகுப் போட்டியில் வென்றிருக்கிறாள் என்று பொய்யுரைத்து, வேண்டிய விவரங்களையெல்லாம் கறந்துகொண்ட பின்னரே மகள் கொலையுண்ட செய்தியைச் சொன்னார் என்பது அந்நாளையப் பத்திரிகை வரலாற்றில் பதிந்துபோன இழிவு. இக்கொலையைப் பற்றி எழுதப்பட்ட நூல்களைப் படிக்கும்போதெல்லாம் அந்தத் தொலைபேசி அழைப்பை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. எவரும் தண்டிக்கப்படாமலே ஆண்டுகள் உருண்டோடின.

ஹோடெல் இவ்வழக்கினுள் நுழைந்த வாயில் ஒரு சிறு புகைப்பட ஆல்பம். 1999இல் தந்தை சான் பிரான்சிஸ்கோவில் தமது 91ஆம் வயதில் இறந்தார். அவர் வைத்திருந்த அந்த ஆல்பத்தை விதவை மகன் கையில் கொடுத்தார். குடும்பப் படங்களுக்கிடையே இனந்தெரியாத பெண்ணின் படங்கள் இரண்டு இருந்தன. மகனின் கண்ணுக்கு அவை எலிசபெத் ஷார்ட்டாகத் தோன்றின. அங்கிருந்துதான் எல்லாம் தொடங்குகிறது.

நூலின் சிறந்த பகுதி தந்தையைப் பற்றியதே என்று தயங்காமல் சொல்லலாம். பிள்ளைப் பருவத்திலேயே பியானோவில் மேதை, பின்னர் மருத்துவர், மாவட்டச் சுகாதாரத் துறையில் பால்வினை நோய்த் தடுப்புக்குப் பொறுப்பாளர், ஓவியரும் புகைப்படக் கலைஞருமான மான் ரேயும், திரைப்பட இயக்குநர் ஜான் ஹூஸ்டனும் அவர் வீட்டுக்கு வந்து போகிறவர்கள். அவ்வீடோ லாயிட் ரைட் வடிவமைத்து 1926இல் கட்டப்பட்ட மாளிகை. பழங்கால மாயர் கோயில் போன்ற தோற்றம், நடுவே முற்றம். அந்த முற்றத்தில் ஓடி விளையாடிய சிறுவனின் கண்களால் ஹோடெல் அதைக் காட்டும்போது, வியப்பும் அச்சமும் கலந்து ஒரு மனிதர் எழுந்து நிற்கிறார். 1949இல் தம் சொந்த மகள் சுமத்திய மிகக் கொடிய ஒழுக்கக் குற்றச்சாட்டின்மேல் அவர் நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டு விடுதலை பெற்றார். 1950இல் நாட்டை விட்டே போய்விட்டார். ஸ்டீவுக்கு அப்போது வயது எட்டு. பின்னாளில் மணிலாவில் வேறொரு குடும்பம், வேறொரு தொழில்.

தந்தையை விட்டு வழக்குக்கு நூல் திரும்பும்போதுதான் தள்ளாட்டம் தொடங்குகிறது. உடல் வெட்டப்பட்டிருந்த விதத்தில் மருத்துவக் கைத்திறன் தெரிந்ததாக அன்றைய புலனாய்வாளர்கள் கருதினர், தந்தை மருத்துவர். உடல் கிடத்தப்பட்டிருந்த கோலம் மான் ரேயின் ஒரு புகைப்படத்தை ஒத்திருக்கிறது என்கிறார். தந்தை மான் ரேயின் நண்பர். இப்படி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகிறார். ஒவ்வொரு கல்லும் இருக்கக்கூடியதே. ஆனால் அடித்தளமான அந்த இரு படங்கள்? அவை தங்கள் வீட்டுப் பெண்ணுடையவை அல்ல என்று ஷார்ட் குடும்பத்தார் மறுத்தனர். அவற்றுள் ஒன்று வேறொரு பெண்ணுடையது என்பது பின்னர் உறுதிப்பட்டு, ஹோடெலும் அதை ஒப்புக்கொண்டார். அடித்தளத்தில் பாதி பெயர்ந்த பின்னும் கட்டடத்தை அவர் இடிக்கவில்லை என்பதைத்தான் வாசகர் கவனிக்க வேண்டும்.

இங்கே ஆசிரியருக்குச் சாதகமான ஒன்றையும் மறைக்காமல் சொல்லியாக வேண்டும். நூல் வெளிவந்த பின்னர் லாஸ் ஏஞ்சல்ஸ் டைம்ஸ் பத்திரிகையாளர் ஸ்டீவ் லோபஸின் முயற்சியால் மாவட்ட அரசு வழக்கறிஞர் அலுவலகத்தின் பழைய கோப்பு வெளியே வந்தது. அதில் டாக்டர் ஜார்ஜ் ஹோடெலின் பெயர் சந்தேகத்திற்குரியோர் பட்டியலில் இருந்தது! 1950 பிப்ரவரி, மார்ச்சு மாதங்களில் அவருடைய வீட்டில் ஒலிவாங்கிகளை மறைத்து வைத்து அதிகாரிகள் இரவும் பகலும் ஒட்டுக் கேட்டிருக்கின்றனர். கறுப்பு டாலியாவைத் தாமே கொன்றதாக வைத்துக்கொண்டாலும் இனி எவராலும் நிரூபிக்க முடியாது என்ற பொருள்பட அவர் பேசியதும் எழுத்தில் பதிவாகியிருக்கிறது. மகன் தம் நூலை எழுதியபோது இக்கோப்பைக் கண்டவரல்லர். ஆதலால் மகனின் ஐயம் வெறும் மனப்பிராந்தி என்று தள்ளிவிட எவராலும் முடியாது. துணை அரசு வழக்கறிஞராயிருந்த ஸ்டீபன் கே என்பவர், ஜார்ஜ் ஹோடெல் உயிரோடிருந்தால் அவர்மீது வழக்குத் தொடுத்திருப்பேன் என்று கருத்துரைத்ததும் உண்டு. ஆனால் அதே கோப்பில், புலனாய்வை நடத்திய ஃபிராங்க் ஜெமிசன் என்ற அதிகாரி, கிடைத்த அறிக்கைகளும் ஒலிப்பதிவுகளும் இவரைச் சந்தேகத்திலிருந்து விலக்கவே முனைகின்றன என்று எழுதி முடித்திருக்கிறார். மகன் முன்னதை உரக்கவும் பின்னதை மெல்லவும் படிக்கிறார். வழக்கறிஞர் அப்படிப் படிக்கலாம். சாட்சி அப்படிப் படிக்கலாகாது.

ஒட்டுக் கேட்டது குறித்து ஒரு வார்த்தை. கலீஃபா உமர் (ரலி) இரவு ரோந்தின்போது ஒரு வீட்டின் மதிலேறிக் குதித்து உள்ளிருந்தவனின் குற்றத்தைக் கண்டதாகவும், நான் ஒரு தவறு செய்தேன், துருவித் தேடியும் வாசல் வழியே வராமலும் அனுமதி கேளாமலும் நீங்கள் மூன்று செய்தீர்கள் என்று அவன் எதிர்வாதம் புரிந்ததாகவும் வரலாற்று நூல்களில் ஓர் அறிவிப்பு உண்டு. ஜனாதிபதியைத் தலைகவிழச் செய்த அந்த வாதம் 1950ஆம் ஆண்டின் லாஸ் ஏஞ்சல்ஸ் காவலர்களுக்கு எட்டியிருக்க நியாயமில்லை. அந்த ஒட்டுக்கேட்பு சரியா என்ற ஐயம் ஹோடெலின் பக்கங்களிலும் தலைகாட்டவில்லை.

நம் ஃபிக்ஹு நூல்களில் ஒரு நுட்பமான விதி இருக்கிறது. தந்தைக்குச் சாதகமாக மகன் சொல்லும் சாட்சியம் ஏற்கப்படாது. எதிராகச் சொல்லும் சாட்சியமோ ஏற்கப்படும் என்பது பெரும்பாலான இமாம்களின் கருத்து. பாசம் நாவைப் புரட்டிவிடும் என்பது முன்னதற்குக் காரணம். பாசத்தையும் மீறி வரும் சொல் உண்மையாயிருக்கும் என்பது பின்னதற்கு. ஆனால் அதே நூல்கள் பகை கொண்டவனின் சாட்சியத்தையும் தள்ளுகின்றன. எட்டு வயதில் கைவிடப்பட்ட பிள்ளையின் நெஞ்சில் இருப்பது பாசமா, பகையா? இரண்டுமேதான் என்று நூலின் ஒவ்வொரு பக்கமும் நமக்குச் சொல்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஷஹாதத் என்பது கண்டதையும் கேட்டதையும் சொல்வதாகும். கொலை நடந்தபோது இவருக்கு வயது ஐந்து. கண்டவரல்லர், கேட்டவரல்லர். அந்நிஸாவின் வசனம் கேட்பது சாட்சியை. ஹோடெல் நீட்டுவதோ ஊகத்தை. அவர் வேலை பார்த்த காலத்தில் ஒரு கீழ்நிலை அதிகாரி இதே கட்டைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்திருந்தால், போய் இன்னும் தேடு என்று திருப்பி அனுப்பியிருப்பார் என்றே நினைக்கிறேன்.

1995இல் வேறொரு பெண்மணி, தம் தந்தையே கறுப்பு டாலியாவைக் கொன்றவர் என்று ஒரு முழு நூலை எழுதினார் என்பதையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். அந்தத் தந்தை வேறு, இந்தத் தந்தை வேறு. இருவரும் மரித்தவர்கள், மறுமொழி சொல்ல வரமாட்டார்கள்.

நூல் பெரும் விற்பனை கண்டது. இவ்வழக்கைத் தம் வாழ்வின் பொழுதுபோக்காகக் கொண்ட ஒரு கூட்டம் அமெரிக்காவில் எப்போதும் உண்டு. அவர்களுள் ஒரு பகுதியினர் ஹோடெலைச் சூழ்ந்துகொண்டனர். மறுபகுதியினர் அவரைத் தூற்றினர். எழுதிக் கேட்டவர்களுக்கெல்லாம் அவர் பொறுமையாக விடையளித்தார். ஒரு பழைய அதிகாரி பொதுமக்களுக்குத் தன் வழக்கை விளக்க முன்வருவது வரவேற்கத் தக்கதே. ஆனால் கேட்போர் கூட்டம் புதிது புதிதாக வேண்டிற்று. 2009இல் வந்த அடுத்த நூலில், சிகாகோவில் நடந்த கொலைகளும், மணிலாவில் 1967இல் நடந்த கொலையும், 1968 முதல் சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்தை நடுங்கவைத்த 'சோடியாக்' கொலைகளும் அத்தனையும் தந்தையின் கைவேலையே என்றார். சோடியாக் கொலைகள் தொடங்கியபோது டாக்டர் ஜார்ஜ் ஹோடெலுக்கு வயது 61, குடியிருந்ததோ மணிலாவில். கொலையாளியைக் கண்ணால் கண்டவர்கள் சொன்ன வயது அதைவிட மிகக் குறைவு. முதல் நூலை நம்பியவர்களிலும் பலர் இங்கே நின்றுவிட்டனர். அதன் பின்னும் தொகுதிகள் வந்தன.

'அல்ஹுஜுராத்' அத்தியாயத்தின் 12ஆம் வசனம் ஐயுறுதலையும், துருவித் துருவி ஆராய்தலையும், புறம் பேசுதலையும் ஒன்றன்பின் ஒன்றாக விலக்கி, இறுதியில் இறந்த சகோதரனின் மாமிசத்தைத் தின்னும் உவமையைச் சொல்கிறது. அந்த வரிசை எவ்வளவு இயல்பானது என்பதை இத்தொகுதிகளை அடுக்கி வைத்துப் படித்தபோது உணர்ந்தேன். இவற்றில் எலிசபெத் ஷார்ட் ஒவ்வொரு தொகுதியிலும் சிறுத்துக்கொண்டே போகிறார். அவருடைய மேனி ஓவியக் கலையின் மாதிரியாகிறது, சங்கேதமாகிறது, தந்தையின் 'மேதைமை'க்குச் சான்றாகிறது. முதல் நூலின் துணைத் தலைப்பிலேயே அந்தச் சொல் ஏறி உட்கார்ந்திருக்கிறது. வெறுக்கிறேன் என்று சொல்லிக்கொண்டே மகன் தந்தைக்கு எழுப்பிய மாளிகை இது. ஃபிராங்க்ளின் அவென்யூவில் இருந்ததைவிடப் பெரியது.

இதே பாதையில் நடந்து வேறோர் இடத்தைச் சென்றடைந்த நூல் ஒன்று உண்டு. ஜேம்ஸ் எல்ராய் என்ற நாவலாசிரியர் 1996இல் வெளியிட்ட 'மை டார்க் பிளேசஸ்'. அவருடைய தாயார் 1958 ஜூனில், எல்ராய்க்குப் பத்து வயதானபோது, லாஸ் ஏஞ்சல்ஸை அடுத்த எல் மான்ட்டியில் கொலையுண்டார். கொலையாளி அகப்படவில்லை. சிறுவன் தாயின் துயரத்தைக் கறுப்பு டாலியாவின் கதைக்குள் புதைத்து வைத்து வளர்ந்தான். 1987இல் அப்பெயரிலேயே நாவலும் எழுதினான். பின்னர் ஷெரிஃப் அலுவலகத்தில் கொலை வழக்குகளைத் துப்பறிந்து ஓய்வுபெற்ற பில் ஸ்டோனர் என்ற அதிகாரியைத் துணைக்கொண்டு தாயின் வழக்கை மீண்டும் தேடப் புறப்பட்டார். பத்திரிகைகளிலும் தொலைக்காட்சியிலும் பொதுமக்களிடம் செய்தி கேட்டனர். அழைப்புகள் வந்தன. அவற்றை ஒவ்வொன்றாகச் சோதித்துத் தள்ளும் ஸ்டோனரின் நிதானம் நூலின் தசைநாரெனலாம். கிடைத்ததைக் கொண்டு யாரையேனும் கொலையாளியாக்கிவிட அவர் ஓரிடத்திலும் முற்படவில்லை. நூல் முடிகிறது, கொலையாளி இல்லை. இருப்பது, விஸ்கான்சின் மாநிலத்தின் ஒரு சிற்றூரில் பிறந்து, செவிலிப் பெண்ணாகிப் பிழைப்புத் தேடி மேற்கே வந்த ஒருத்தியின் வாழ்க்கை. கடைசிப் பகுதிக்கு அவர் இட்ட தலைப்பு தாயாரின் கன்னிப் பருவப் பெயர். செய்தி அறிந்தவர்கள் ஸ்டோனரை அழைக்கத் தொலைபேசி எண்ணையும் நூலின் முடிவில் அச்சிட்டிருக்கிறார்.

எல்ராயின் மொழி கரடுமுரடானது. பல பக்கங்கள் ஆபாசமானவை. தம்மைப் பற்றியும் தாயைப் பற்றியும் அவர் ஒளிவின்றிச் சொல்வன நம் வீடுகளில் பிள்ளைகள் கைக்கு எட்டும் இடத்தில் வைக்கத் தக்கவையல்ல. ஹோடெலின் நடையோ தூய்மையானது, காவல்நிலைய அறிக்கையைப் போன்றது. ஆயினும் எனக்கு நேர்மையாகப் பட்டது எல்ராயின் நூல்தான். வேடிக்கை என்னவென்றால், ஹோடெல் நூலின் பிந்தைய பதிப்பொன்றுக்கு முன்னுரை வழங்கியவரும் இதே எல்ராய்தான். தமக்குக் கிட்டாத முடிவு மற்றொரு மகனுக்குக் கிட்டிவிட்டதே என்ற ஏக்கம் அவரை எழுத வைத்திருக்கலாம்.

ஹோடெலின் முதல் நூலைப் படிக்க விரும்புவோர் 2003ஆம் ஆண்டுப் பதிப்பை விட்டுவிட்டு, அரசு வழக்கறிஞர் கோப்பின் செய்திகள் சேர்க்கப்பட்ட பதிப்பையே தேடிப் பெற வேண்டும். ஒட்டுக்கேட்ட உரையாடல்கள் வரும் இடத்தை இருமுறை படிக்கலாம்: முதல் முறை மகனின் விளக்கத்தோடு, இரண்டாம் முறை விளக்கத்தைக் கையால் மறைத்துக்கொண்டு. மற்றத் தொகுதிகளுக்குப் பணம் செலவிட வேண்டியதில்லை.