ஆறும் ஆளும்

டி. செல்வராஜ் எழுதி, 2012ஆம் ஆண்டுச் சாகித்திய அகாதமிப் பரிசு பெற்ற ‘தோல்’ புதினம், திண்டுக்கல் தோல் தொழிலாளரின் கதை. ஆட்டுத்தோலின் மயிரைக் களையும் சுண்ணாம்பு, குழியில் இறங்கியவனின் காலையும் அரிக்கிறது. தலைவிதி என்கிறது பழமை. விதியன்று, இலாப வேட்டை என்று தெளிந்து, சங்கம் கண்டு நிமிர்கிறான் தொழிலாளி. அதுவே நூலின் வெற்றி.

படித்துக் கண் கலங்கினோம். குழியின் நச்சுநீர் எங்கே போயிற்று என்று கேட்டோமா?

இராணிப்பேட்டைப் பகுதித் தோல் ஆலைகளின் நச்சுநீர் பாலாற்றில் கலந்தது. மாசு செய்தவரே ஈடு தருக என 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நல்ல தீர்ப்பு! ஆனால் 2015 ஜனவரி 31 அன்று, இராணிப்பேட்டைக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் தொட்டிச்சுவர் இடிந்தது. அருகிலிருந்த தொழிற்சாலையில் உறங்கிய 10 பேர் கழிவுச் சேற்றில் மாண்டனர். ஆற்றைக் காக்க எழுந்த நிலையம் ஆளைக் காக்கவில்லை!

‘தீண்டாதே’ என்று சமூகம் ஒதுக்கிய மக்களையே நஞ்சு முதலில் தீண்டிற்று. ஊரைத் தீண்டியது பிறகுதான். ஆற்றுக்கு ஒரு நீதி, ஆளுக்கு ஒரு நீதி என்றிருத்தல் தகுமோ? தோழர்களே, ‘தோல்’ நூலை இந்தக் கேள்வியோடு படியுங்கள். பிறரையும் படிக்கச் செய்யுங்கள்!