கப்பலேறிய பெயர்கள்

நெடுங்காட்டிலிருந்து காரைக்கால் துறைக்கு ஒரு காலைப்பொழுது நடை. அன்று சுற்றிலும் தஞ்சாவூர் ஜில்லா, ஆங்கிலேயர் சீமை. நடுவில் பிரெஞ்சுக் கொடி. 1848இல் தன் தீவுகளில் அடிமை முறையை ஒழித்த பிரான்ஸ் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேடியபோது, இந்த எல்லைக்கோடு ஆள்பிடிக்கும் மேஸ்திரிகளுக்குத் தோதாக அமைந்தது. அந்தப் பக்கத்துப் பண்ணையாள் ஒரு வரப்பைத் தாண்டிவிட்டால் வேறோர் அரசின் கைக்குள் வந்துவிடுவான். ஆங்கிலேயர் ஆட்சேபித்தார்கள். பிறகு 1860இலும் 1861இலும் இரண்டு அரசுகளும் உடன்படிக்கை எழுதி, அதையே சட்டமாக்கிக்கொண்டன.

ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் போனவர்கள் இந்தியப் பெருங்கடலின் ரெயூனியோன் தீவுக்கு ஒரு லட்சத்துக்கும் மேல். கரீபியத் தீவுகளான குவாதலூப்புக்குச் சுமார் 42,000 பேர், மார்த்தினிக்குக்குச் சுமார் 25,000 பேர். எல்லோரும் தமிழரல்லர் என்றாலும் தமிழரே மிகுதி. காரைக்காலும் புதுச்சேரியும் முக்கியத் துறைகள். 1880களில் இந்த ஆளேற்றுமதி முடிவுக்கு வந்தது.

இதைப் பற்றிய ஆய்வு பெரும்பாலும் பிரெஞ்சில்தான் இருக்கிறது. குவாதலூப் இந்தியர் குறித்து சிங்காரவேலு, பிரெஞ்சிந்தியா குறித்து ஜாக் வெபர், ரெயூனியோன் குறித்து சுதெல் ஃபூமா, மார்த்தினிக் குறித்து ழெரி லெதாங் ஆகியோர் எழுதியிருக்கிறார்கள். மார்த்தினிக் தமிழரை வைத்து ரஃபயேல் கொன்ஃபியான் 2004இல் ஒரு நாவலும் எழுதினார். தமிழில் நம் கண் இலங்கை, மலேயா பக்கமே திரும்பியிருந்தது. பத்தாண்டுகள் பிரெஞ்சுப் புதுச்சேரியில் வாழ்ந்த பாரதி, கரும்புத் தோட்டத்துப் பெண்களுக்காக அழுதபோது பாடியது ஃபிஜியை. அது ஆங்கிலேயர் தீவு. தான் குடியிருந்த கரையிலிருந்தே ஒரு தலைமுறைக்கு முன் கப்பலேறியவர்களை அவர் பாடவில்லை.

இந்த ஆய்வுகளில் ஒப்பந்த மீறல்கள் நன்றாகவே கணக்கிடப்பட்டிருக்கின்றன: பிடித்த கூலி, அடி, நோய், கொடுக்காத திரும்பு பயணம். ஆனால் பெயரும் பேச்சும் போனதை, காலப்போக்கில் தானே நடந்த கலப்பு என்று பல இடங்களில் கடந்துவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. குழந்தைக்கு நாட்காட்டியில் உள்ள புனிதர் பெயரையோ, பழைய வரலாற்று மாந்தர் பெயரையோதான் வைக்கலாம் என்று 1803இல் பிரான்ஸ் ஒரு சட்டம் இயற்றியது. 1966இல் அது தளர்ந்தது. முற்றிலும் விலகியது 1993இல். அதனால்தான் பாட்டனின் பெயரான ராமசாமி, முத்துசாமி, வீரப்பிள்ளை எல்லாம் குடும்பப் பெயராக ஒட்டிக்கொள்ள, பேரன் ழானாகவும் ழோசெஃபாகவும் ஆனான். கிழக்கே சோழமண்டலக் கரையிலிருந்து போனவர்களை, மேற்கே மலபார் கரையின் பெயரால் ‘மல்பார்’ என்றே அழைத்தார்கள். பள்ளியில் பிரெஞ்சு மட்டும். ஞானஸ்நானம் பெற்றுக்கொண்டே மாரியம்மனையும் கும்பிட்டார்கள்.

உரிமைக்காக நீதிமன்றம் போனவரும் உண்டு. 1863இல் குவாதலூப்பில் பிறந்த ஆன்ரி சிதம்பரம், அங்கேயே பிறந்த இந்தியர் பிள்ளைகளையும் வாக்காளர் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்று 1904இல் தொடங்கிய வழக்கு 1923 வரை நீண்டது. குடியுரிமை கிடைத்தது. மொழி அந்த வழக்கில் இல்லை; அதைக் கேட்க அன்று ஒரு மன்றமும் இல்லை.

இந்தப் பின்னணியோடுதான் நான் உய்குர் மக்களைப் பற்றிய செய்திகளைப் படிக்கிறேன். அவர்கள் வாழும் சீனாவின் சிஞ்சியாங்கில் குழந்தைகளுக்கு வைக்கக்கூடாத முஸ்லிம் பெயர்களின் பட்டியல் 2017இல் வெளிவந்தது. லட்சக்கணக்கானோர் முகாம்களில் அடைக்கப்பட்டார்கள். சீன அரசு அவற்றைத் தொழிற்பயிற்சி மையங்கள் என்றது. அங்கே நடந்தவை மானுடத்துக்கு எதிரான குற்றங்களாகலாம் என்று ஐ.நா. மனித உரிமை அலுவலகம் 2022 ஆகஸ்ட் 31 அன்று அறிக்கை தந்தது. தீவுகளில் நடந்ததும் இதுவும் ஒன்றல்ல. தோட்ட முதலாளிக்கு வேண்டியது கை. மொழி அழிந்தது அதன் பக்க விளைவு. சிஞ்சியாங்கில் அழிப்பே அரசின் திட்டம். ஆனால் பெயர்ப் பதிவேடு, பள்ளி, வழிபாட்டிடம் என்று கை வைக்கும் இடங்கள் இரண்டிலும் அவையே.

மார்த்தினிக்கில் அந்துவான் தங்கமென் என்றொரு பூசாரி இருந்தார். ஊரார் அவரை ஸ்வாஸோ என்பார்கள். தோட்டத்தில் கங்காணி வேலை பார்த்தவர். கரீபியக் கோயிலில் தமிழில் வேண்டுதல் சொன்னவர். 1992இல் இறந்தார். அவர் சொன்னதை லெதாங் கேட்டு எழுதி நூலாக்கினார். உய்குர் நாட்டில் தர்காக்களையும் வாய்மொழி மரபுகளையும் ஊர் ஊராகச் சேகரித்த ராஹிலே தாவுத் 2017 டிசம்பரில் காணாமற்போனார். அவருக்கு ஆயுள் தண்டனை என்பது 2023இல்தான் வெளியுலகுக்குத் தெரிந்தது. ஒரே வேலையைச் செய்தவர்கள் லெதாங்கும் தாவுத்தும்.

2022 அக்டோபரில் ஐ.நா. மனித உரிமை மன்றத்தில், சிஞ்சியாங் பற்றிய அந்த அறிக்கையை விவாதிக்கவாவது செய்யலாம் என்ற தீர்மானம் 17க்கு 19 என்று தோற்றது. வாக்களிக்காமல் விலகிய 11 நாடுகளில் இந்தியாவும் ஒன்று. கூலிக் கப்பலை அனுப்பிய கரையில் வாழ்கிறவர்களுக்கு அந்த விலகல் உறுத்த வேண்டும்.

ரெயூனியோனில் இப்போது கோயில்களில் தமிழ் கற்பிக்கிறார்கள். முன்னோரைத் தேடும் பேரப்பிள்ளைகளின் கையில் பழைய பதிவின் நகல் இருக்கும். ஊர்ப்பெயர் பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில் உருக்குலைந்திருக்கும். அதை உரக்கப் படித்து, இது எந்த ஊர் என்று சொல்லக்கூடிய காது நெடுங்காட்டிலும் திருநள்ளாற்றிலும் கோட்டுச்சேரியிலும்தான் இருக்கிறது. அந்த வேலையை இன்னும் நாம் தொடங்கவில்லை.